வயிறு எழுதிய வரலாறு

வரலாறு என்றதும் முடிமன்னர்களும் படையெடுப்புகளும் உடன்படிக்கைகளுமே நம் நினைவில் எழுகின்றன. பள்ளிப் பாடநூல்கள் நம்மை அவ்வாறே பழக்கிவிட்டன. ஆனால், படை நடத்திய மன்னனுக்கும் ஒரு வயிறு இருந்தது. அப்படைக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடிய உழவனுக்கும் ஒரு வயிறு இருந்தது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எது செரித்தது, எது செரிக்கவில்லை என்பதை அந்த வயிறுகள் தமக்குள்ளே பதித்து வைத்தன. அப்பதிவுகளைப் படிக்கக் கற்றால், அரசாணைகள் சொல்லாத பல உண்மைகள் வெளிப்படும்.

இவ்வாறு படிப்பதற்குத் திருப்பெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான மண் நமக்கு அருகில் வேறில்லை. இராமாநுசர் பிறந்த ஊர் என வைணவ உலகமும், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி உயிரிழந்த இடம் என நாடும், வாகனங்களும் கைப்பேசிகளும் உருவாகும் தொழில் வழித்தடம் என உலகமும் இப்பகுதியை அறியும். நமக்கோ இது 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் நிலம். நம் பிள்ளைகள் முறை மாற்றி வேலைக்குச் செல்லும் நிலம். இம்மண்ணில் ஏறத்தாழ 240 ஆண்டுகளாக வயிறு எழுதி வந்துள்ள வரலாற்றின் சில பக்கங்களையேனும் புரட்டிப் பார்ப்போம்.

புள்ளலூரும் கஞ்சித்தொட்டியும்

1780ஆம் ஆண்டு ஐதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை முறியடிக்கப்பட்டது. போர்க்கள வீரத்தை இரு தரப்பாரும் எழுதி வைத்தனர். ஆனால் போரின் சுமையைத் தாங்கியவர்கள் சுற்றியிருந்த சிற்றூர் மக்களே. பயிர் அழிந்தது, கால்நடை போயிற்று, ஏரிப் பாசனம் சீர்குலைந்தது. மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடினர்.

அவ்வாறு வந்து சேர்ந்த பசித்த மக்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782இல் சென்னையின் வடபகுதியில் ஒரு சத்திரம் எழுந்தது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். மக்களோ அதனைக் கஞ்சித்தொட்டி என்றே அழைத்தனர். காலப்போக்கில் அச்சத்திரத்தை ஒட்டி ஒரு மருத்துவமனை வளர்ந்தது. 1938இல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாயிற்று. முதியோர் பலர் அண்மைக்காலம் வரை அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வழங்கி வந்தனர். கஞ்சியிலிருந்து மருத்துவம் பிறந்தது என்னும் இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இரண்டு இராத்தல்கள்

1876இல் பருவமழை பொய்த்தது. தொடர்ந்த பெரும் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. தாது ஆண்டுப் பஞ்சம் என இன்றும் மக்கள் நாவில் நிலைத்திருப்பது அதுவே.

அப்பஞ்சத்தின்போது, 1877 தொடக்கத்தில், இந்திய அரசின் பிரதிநிதியாகச் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாக அரிசி வரவழைத்து உயிர்களைக் காத்தவர் அவரே. அளவுக்கு மீறிச் செலவிட்டார் என்று அப்போது பழி வந்தது. அப்பழியைத் துடைக்க விரும்பியோ என்னவோ, சென்னையில் அவர் கை இறுகியது. நிவாரண வேலைத்தலங்களில் மண் சுமந்து கல் உடைக்கும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் அதற்கு மேல் சிறு காசும் போதும் என்று விதித்தார். இன்றைய கணக்கில் அத்தானியம் ஏறத்தாழ 450 கிராம்.

இதனை எதிர்த்து நின்றவர் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ். வெறும் தானியத்தால் உழைக்கும் உடல் நிலைக்காது என்றும், உயிர் ஒட்டிக்கொண்டிருப்பதற்கான அளவு வேறு, உழைப்பதற்கான அளவு வேறு என்றும் அவர் அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். சில மாதங்களுக்குப் பின் மாகாண அரசு அளவைக் கூட்டியது. ஆனால் அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது.

காலம் கடந்தது என்பது எவ்வாறு? சென்னையில் பணிபுரிந்த அலெக்சாண்டர் போர்ட்டர் என்னும் மருத்துவர், பஞ்சத்தில் இறந்தோரின் உடல்களை ஆய்ந்து 1889இல் ஒரு நூல் வெளியிட்டார். நெடுநாள் பட்டினி கிடந்தோரின் குடல் மெலிந்து தேய்ந்து போயிருந்ததை அவர் கண்டார். அதனால்தான் இறுதியில் உணவு கிடைத்தபோதும் பலரால் அதனைச் செரிக்க இயலவில்லை. உண்டது வயிற்றுப்போக்காக வெளியேறியது. உணவின் எதிரிலேயே மனிதர்கள் மாண்டனர். பசி என்பது வெற்றுப்பை என்றும், சோற்றைக் கொட்டினால் அது நிரம்பிவிடும் என்றும் நாம் எண்ணுகிறோம். குடல் பை அன்று, உயிருள்ள உறுப்பு. அதற்கும் நாள்தோறும் ஊட்டம் வேண்டும். நெடுங்காலம் புறக்கணித்துவிட்டு ஒருநாள் அள்ளிக் கொடுத்தால் அதனால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

இங்கே மற்றோர் இராத்தல் நினைவுக்கு வருகிறது. டெம்பிளுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஆறாம் நூற்றாண்டில், நூர்சியா நகரத்துப் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு ஓர் ஒழுங்குநூல் எழுதினார். அதில் உணவின் அளவைப் பற்றித் தனி அதிகாரமே உண்டு. அங்கும் நாளொன்றுக்கு ஓர் இராத்தல் அப்பம் என்றே வரையறுக்கிறார். உரோமை இராத்தல் ஆங்கில இராத்தலைவிடச் சற்றுச் சிறியதுங்கூட. ஆனால் அவர் அதோடு நின்றாரில்லை. சமைத்த கறி இரண்டு வகை வேண்டும் என்கிறார். காரணம் யாது? ஒரு வகை உடலுக்கு ஒவ்வாதவர் மற்றொன்றை உண்ணலாமே என்பதுதான். பழமோ இளங்காய்கறியோ கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். வேலை மிகுந்த நாளில் மடத்தலைவர் அளவைக் கூட்டலாம். எவருக்கும் செரியாமை நேராதபடி மிகையுணவை விலக்க வேண்டும் என்றும் தொடர்கிறார்.

இரண்டிலும் அளவு ஓர் இராத்தல்தான். ஒருவர் எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் இவன் சாகமாட்டான் என்று கணக்கிட்டார். மற்றவர் ஒவ்வொருவரின் வயிற்றையும் ஓர் ஆளாக மதித்துக் கணக்கிட்டார். தொழிற்கூட உணவகங்களையும் விடுதிகளையும் நடத்துவோர்க்கு இந்த இரண்டு இராத்தல்களும் இன்றும் இரு வழிகளைக் காட்டி நிற்கின்றன.

1891ஆம் ஆண்டின் இரு குரல்கள்

பஞ்சம் நீங்கியும் பசி நீங்கவில்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரமன்கீர், இங்குள்ள பறையர் குலத்து உழைப்பாளிகளின் அவலநிலையை விவரித்து 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நெல் விளைவித்தவர்கள் நிலமின்றிக் கடனில் கட்டுண்டு கிடந்ததை அது எடுத்துரைத்தது. அதன் விளைவாகவே 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் அறிவது அதனையே.

அதே 1891ஆம் ஆண்டு மே திங்களில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் நிலை குறித்த ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி சிக்கனமாகவும் கண்ணியமாகவும் வாழ்வதற்குப் போதுமான கூலி நீதியின் கடன் என அது கற்பித்தது. உரோமையும் செங்கல்பட்டும் ஒன்றையொன்று அறிந்து பேசவில்லை. எனினும் ஒரே ஆண்டில் இரு இடங்களிலும் உழைப்பவனின் தட்டைப் பற்றிய கேள்வி எழுந்தது நம் சிந்தனைக்குரியது.

வேலூர் கற்பித்த பாடம்

1960களில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் ஒரு நோய் பரவியது. வாரக்கணக்கில் நீங்காத வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், இரத்தசோகை, உடல் மெலிவு. வெப்பநாட்டு ஸ்ப்ரூ என்று மருத்துவர்கள் அதனை அழைத்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், மாத்தன் ஆகிய மருத்துவர்களும் அவர்தம் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று இதனை ஆராய்ந்தனர். அவ்வாய்வின்போது வியப்பூட்டும் ஓர் உண்மை வெளிப்பட்டது. எந்த நோயுமில்லை என்று சொன்ன கிராம மக்களின் குடலிலும் உட்சுவர் மாறுபட்டிருந்தது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்காக விரல்கள்போல் நீண்டிருக்க வேண்டிய நுண்ணிய முளைகள் பலருக்குக் குட்டையாகித் தடித்திருந்தன.

மாசுபட்ட நீரும் கழிப்பிட வசதியின்மையும் மீண்டும் மீண்டும் வரும் தொற்றுகளுமே இத்தகைய மாற்றத்திற்கு முதன்மைக் காரணங்கள் என்று இன்று கருதப்படுகிறது. அப்படியானால், ஒருவருடைய குடல் நலம் அவர் தட்டில் விழுவதை மட்டும் பொறுத்ததன்று. அவர் தெருவின் குழாயையும் சாக்கடையையும் பொறுத்தது. ‘நான் நல்ல உணவே உண்கிறேன், எனக்கென்ன?’ என்று எவரும் தனித்திருக்க இயலாது. ஊரின் குடல் ஒன்றே என்று சொன்னாலும் தகும்.

அதே வேலூரிலிருந்து மற்றொரு நற்செய்தியும் வந்தது. மருத்துவர் இராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. வாந்திபேதி நோயாளிகளுக்குத் தரப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் எளிதில் செரியாத ஒருவகை மாவுப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது, பேதி விரைவில் நின்றது. காரணம் எளியது, ஆயினும் அழகியது. சிறுகுடலில் செரியாத மாவு பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதனை உண்டு, சிறு கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்களே பெருங்குடலின் உயிரணுக்களுக்கு உணவு. அவற்றின் துணையால் குடல் உப்பையும் நீரையும் மீண்டும் உடலுக்குள் ஈர்த்துக்கொள்கிறது. நமக்குச் செரியாதது நம்முள் வாழும் சிற்றுயிர்களுக்கு விருந்தாகிறது. அவற்றின் எச்சம் நமக்கு மருந்தாகிறது! படைப்பில் எதுவும் தனக்காக மட்டும் வாழ்வதில்லை என்னும் உண்மை நம் வயிற்றுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 2015இல் வெளிவந்த ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்துள்ளன என்று வலியுறுத்தியதை வாசகர் இங்கே நினைவுகூரலாம்.

இனி, நம் வீட்டுப் பானையைப் பார்ப்போம். வடித்த சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி இத்தகைய எளிதில் செரியாத மாவாக மாறுகிறது. அதில் நீரூற்றி இரவு வைத்தால் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. விடியலில் உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் சேர, அது பழைய சோறு. கஞ்சித்தொட்டியில் வேரூன்றிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே அண்மை ஆண்டுகளில் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளிடையே ஆராய முன்வந்தது வரலாற்றின் ஓர் அரிய வட்டம்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய சோற்றைப் பொற்கால நினைவாக்கிப் போற்றுவது எளிது. அதனை உண்டவர்களில் பலர் விரும்பி உண்டவர்கள் அல்லர், வேறில்லாமல் உண்டவர்கள். தூய நீரின்றி வைத்த பழைய சோறு நோய்க்கும் வாயிலாகும். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடையிழப்பு, நீங்காத வலி ஆகியவை தோன்றினால் பானையை நம்பியிராமல் மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை. அளவோடும், முன் உண்டது செரித்த பின்னரும், உடலுக்கு ஒத்ததையும் உண்க என்னும் பொருளை வள்ளுவர் தம் ‘மருந்து’ அதிகாரத்தில் மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறார். ஆனால் அளவும் நேரமும் ஒருவர் கையில் இருந்தால்தானே அவர் அவ்வறிவுரையைக் கடைப்பிடிக்க முடியும்?

ஏரிக்கரையிலிருந்து தொழிற்கூடத்துக்கு

இக்கேள்வியே நம்மை இன்றைய காலத்துக்குக் கொணர்கிறது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்தது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் - நிசான் ஆலை தொடங்கிற்று. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் கைப்பேசிகளைத் தயாரிக்கிறது. ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த வட்டாரம் ஒரு தலைமுறைக்குள் கடிகாரத்தால் ஆளப்படும் வட்டாரமாயிற்று. இதனால் பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பெரிந்தது. பெண்பிள்ளைகள் தம் காலில் நின்றனர். தம்பி தங்கையர் கல்லூரி கண்டனர். அந்நன்மையை மறுப்பது நன்றியின்மை.

ஆனால் வயிற்றுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. பகலில் உண்பதற்கும் இரவில் ஓய்வதற்கும் ஏற்றவாறு செரிமான நீர்களும் குடலின் அசைவும் ஒழுங்குபட்டுள்ளன. இந்த வாரம் பகல்முறை, அடுத்த வாரம் இரவுமுறை என மாறும்போது அவ்வொழுங்கு குலைகிறது. நள்ளிரவில் உண்பதும், விடியலில் உண்ணாமல் உறங்குவதும், கழிப்பிடம் செல்ல நேரமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இங்கே இளையோரிடம் நாம் காணும் வழக்கங்கள். நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், பசியின்மை என்று அவர்கள் மருந்துக்கடையில் மாத்திரை கேட்கிறார்கள். நோய் வயிற்றில் தெரிகிறது. அதன் வேரோ நேர அட்டவணையில் இருக்கிறது.

2021 டிசம்பர்

இவ்வரலாற்றின் அண்மைப் பக்கம் 2021 டிசம்பரில் எழுதப்பட்டது. பூந்தமல்லிக்கு அருகே, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மேலும் ஏறத்தாழ நூறு பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்று செய்தி பரவியது. அது உண்மையன்று என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அச்சமும் நெடுநாள் அடக்கிய மனக்குமுறலும் சேர்ந்து, டிசம்பர் 17 இரவு பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மறுநாளும் போராட்டம் தொடர்ந்தது. நெரிசலான அறைகளில் தரையில் படுத்துறங்கியதும், சில கழிப்பறைகளில் தண்ணீர் இல்லாததும், சமையற்கூடத்தின் சீர்கேடும் அதன் பின்னரே உலகுக்குத் தெரிந்தன. ஏறத்தாழ 17,000 பேர் பணியாற்றிய ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஏற்ற ஆப்பிள் நிறுவனம் அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 சனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது.

2024 ஆகஸ்டு 17 அன்று, வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி வளாகத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். அதன் செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். அது வரவேற்கத்தக்க மாற்றம். அதற்கு வித்திட்டவற்றுள் நெடுஞ்சாலையில் அமர்ந்த அந்த இளம்பெண்களின் வயிற்றுவலியும் ஒன்று என்பதை வரலாறு மறத்தலாகாது. தொழிலுலகின் மாபெரும் நிறுவனம் ஒன்றின் உற்பத்தியை நிறுத்தியது ஒரு வேளை உணவு! கார்னிஷ் அறிக்கை எழுதிச் சொன்னதை இப்பெண்கள் சாலையில் அமர்ந்து சொன்னார்கள்.

விவிலியத்தின் வயிறு

ஆன்மிகம் என்றால் வயிற்றை மறப்பது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. விவிலியம் அவ்வாறு எண்ணவில்லை. சோர்ந்து சாக விரும்பிய எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை கூறவில்லை; அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மீண்டும் உண்ணச் செய்தார். அதன் பின்னரே ஓரேபு மலைக்கான நெடும்பயணம். யாயிரின் மகளை உயிர்பெற்றெழச் செய்த நம் ஆண்டவர், வியந்து நின்ற பெற்றோரிடம் சொன்னது சிறுமிக்கு உணவு கொடுக்கும்படியே. பவுலடியாரோ தம் இளம் தோழர் திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாற்றைத் திருமுகத்தில் குறிப்பிடவும் தயங்கவில்லை. தண்ணீரோடு சிறிது திராட்சை மதுவும் அருந்துமாறு அறிவுறுத்துகிறார். ஆயரின் வயிறும் திருத்தூதரின் அக்கறைக்குள் அடங்கியது.

அதே பவுலடியார் கொரிந்து நகரச் சபையைக் கண்டித்த காரணத்தையும் நாம் அறிவோம். ஆண்டவரின் பந்திக்குக் கூடி வந்த இடத்தில் சிலர் உண்டு வெறித்திருந்தனர்; உழைத்துக் களைத்துத் தாமதமாக வந்த ஏழைகள் பசித்திருந்தனர் என விளக்குவோர் உரைப்பர். நற்கருணையை இழிவுபடுத்துவது எதுவென்று கேட்டால், அருகிலிருப்பவரின் வெறும் வயிற்றைக் காணாமலிருப்பதே என்பது அவர் தரும் மறுமொழி.

இனி நாம்

இப்பகுதியில் அறைகளை வாடகைக்கு விடுவோருள் நம் பங்கு மக்களும் உள்ளனர். உணவகம் நடத்துவோர், ஒப்பந்த அடிப்படையில் ஆள் சேர்ப்போர், ஆலைகளில் மேற்பார்வையாளராய் இருப்போர் ஆகியோருள்ளும் ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் இருக்கின்றனர். ஆகவே இவ்வரலாறு யாரோ பிறருக்கானதன்று. எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை? தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது? இரவுமுறை முடித்து வரும் பெண்ணுக்குக் காலையில் சூடாக ஏதேனும் உண்டா? வரிசையில் நிற்கும் தொழிலாளி தண்ணீர் குடிக்கவும் எழுந்து செல்லவும் அஞ்சாதிருக்கிறாரா? ஆன்ம சோதனையில் நாம் இதுவரை சேர்க்காத கேள்விகள் இவை. இனிச் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்பியக் கூட்டங்களிலும் இவற்றைப் பேசலாம். வாரத்தில் ஒருநாளேனும் விடுதிப் பிள்ளைகளை நம் வீட்டுப் பந்திக்கு அழைக்கலாம். பெரிய செலவு வேண்டா; கஞ்சியும் துவையலும் அன்பான ஒரு சொல்லும் போதும். அவர்களுக்கு ஒவ்வாத உணவு எது என்று கேட்டறிந்து சமைத்தால் ஆசீர்வாதப்பரின் இரண்டாவது கறி நம் அடுப்பிலும் வெந்ததாகும்.

அன்றாட உணவை எங்களுக்கு இன்று தாரும் என வேண்டும்போது ‘எனக்கு’ என்று நாம் சொல்வதில்லை. அந்த ‘எங்களுக்கு’ என்னும் சொல்லில் வல்லம் வடகாலும் சுங்குவார்சத்திரமும் ஒரகடத்து இரவுமுறைத் தொழிலாளரும் அடங்குவர். அவர்கள் உண்பது நன்றாகச் செரிக்கும் நாளில்தான் நம் வேண்டுதலும் நிறைவு பெறும்.